பெண் பார்க்க வந்தவர்கள் ஆடிய சீட்டு

சீட்டு என்றால் எங்கள் தோட்டத்தில் முந்நூற்றி நாலுதான். வேறு ஆட்டம் யாருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ளவும் யாரும் ஆசைப்படவில்லை. ஆண்கள் ஆடுவது அது. நாலு பேர் உட்கார்ந்து ஆடுவார்கள், மற்றவர்கள் பின்னால் நின்றுகொண்டு ஆடுகிறவர்களைத் திட்டுவார்கள். அந்த ஆட்டத்துக்கு ஏழும் அதற்கு மேலேயும் உள்ள சீட்டுகள் போதும். இரண்டு, மூன்று, நாலு எல்லாம் வேண்டாத பிள்ளைகள். புதுக் கட்டு வாங்கியதும் அவற்றைக் கழித்து ஓரமாகப் போட்டுவிடுவார்கள். அந்தக் கழிவு எங்களுக்கு, அதாவது பெண்களுக்கு வந்து சேர்ந்தது. நல்ல தேயிலை கப்பலேறிப் போய்விடும், கழித்த தூள் எங்கள் அடுப்புக்கு வரும். அதனால் இந்த ஏற்பாடு எங்களுக்கு ஒன்றும் புதிதாகப் படவில்லை.

எங்கள் தேயிலைத் தோட்டம் இலங்கையில் லுணுகலைக்குப் பக்கத்தில் இருந்தது. அப்பா அங்கே கணக்கப்பிள்ளை. தொழிலாளர்கள் குடியிருந்த லயத்திலிருந்து கொஞ்சம் தள்ளி, படுக்க இரண்டு காம்பராவும் முன்பக்கம் திண்ணை மாதிரி ஒரு இஸ்தோப்பும் உள்ள வீடு எங்களுக்கு. நான் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் விட்டுப்போகிற குழந்தைகளைப் பிள்ளைக் காம்பராவில் பார்த்துக்கொண்டிருந்தேன். மார்கழி மழை பிடித்தால் எங்கள் பக்கம் விடாது. அப்படி ஒரு மழையில், வீட்டுக்குள் அடைந்து கிடந்து ஒருவரை ஒருவர் கடித்துக் குதறிவிடாமல் இருப்பதற்காக, நானும் அம்மாவும் பக்கத்து வீட்டு அக்காவும் சேர்ந்து கண்டுபிடித்தது அந்த விளையாட்டு. முடிச்சு என்று பெயர் வைத்தோம்.

முதலில் சீட்டு தயாரிக்க வேண்டும். பக்கத்து வீட்டு அக்காவுக்கு எழுத்து தெரியாது, அதனால் படம். தீப்பெட்டி, சவர்க்கார உறை, பழைய கலண்டர், கடையில் சாமான் சுற்றி வந்த பத்திரிகை என்று எதில் படம் கண்டாலும் வெட்டி, கோதுமை மாப் பசை தடவி, கழித்த சீட்டின் மேல் ஒட்டினோம். குடை, சேவல், பூட்டு, சைக்கிள், ஆடு, கட்டில், ரயில், கப்பல், நிலா, பால்மா டின்னிலிருந்து சிரிக்கும் ஒரு குழந்தை. அந்தக் குழந்தையை வெட்டியெடுக்க டின்னின் தாளை உரித்ததற்கு அம்மா என்னை ஒரு நாள் முழுக்கத் திட்டினாள். மறுநாள் பூப்போட்ட கோப்பை ஒன்றின் படத்தை அவளே வெட்டிக்கொண்டு வந்தாள்.

விளையாடுவது இப்படி. எல்லோருக்கும் ஐந்து சீட்டு. மீதியைக் கவிழ்த்து வைத்து, மேலே உள்ளதைத் திருப்பி நடுவில் போட வேண்டும். குடை வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆள் தன் கையிலிருந்து ஒரு சீட்டை, சேவல் என்றே வைத்துக்கொள்வோம், அதன் பக்கத்தில் போட்டு, குடைக்கும் சேவலுக்கும் ஒரு முடிச்சுப் போட வேண்டும். சும்மா போட முடியாது. இரண்டும் கடையில் விற்கிறது, இரண்டும் கறுப்பு என்றெல்லாம் சொன்னால் செல்லாது. கதை கட்டினாலும் செல்லாது. உங்களுக்கு நடந்ததாக இருக்க வேண்டும், அல்லது நீங்கள் கண்ணால் கண்டதாக இருக்க வேண்டும். சொல்லி முடித்ததும் மற்றவர்கள் செல்லும் அல்லது செல்லாது என்பார்கள். செல்லும் என்றால் சீட்டு தரையில் நிற்கும், அடுத்த ஆள் அதோடு தன் சீட்டை முடிய வேண்டும். செல்லாது என்றால் அதைக் கையில் எடுத்துக்கொண்டு, கூடவே கட்டிலிருந்து இன்னொன்றும் எடுக்க வேண்டும். முதலில் கை காலியானவருக்கு அன்றைக்குப் பாத்திரம் கழுவுவதிலிருந்து விடுதலை.

கேட்கச் சுலபமாக இருக்கும். ஆடிப் பார்த்தால்தான் தெரியும், நடந்ததை மட்டும் சொல்ல வேண்டும் என்றால் மனிதருக்கு எத்தனை தடவை வாய் அடைத்துப்போகிறது என்று. பக்கத்து வீட்டு அக்கா இதில் கெட்டிக்காரி. மடுல்சீமையில் பிறந்தவள். அவளுடைய பிறந்த வீட்டில் நடக்காத கூத்தே இல்லை. பூட்டுக்கும் சேவலுக்கும் அவள் போட்ட முடிச்சு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. சேவலைத் திருட வருகிறார்கள் என்று அவளுடைய அப்பா கூட்டுக்குப் பூட்டுப் போட்டாராம். சாவியைச் சட்டைப் பையில் வைத்தாராம். சட்டையை யாரோ துவைக்கப் போட, சாவி ஆற்றோடு போய்விட்டது. கூட்டை உடைக்க மனமில்லாமல், கம்பி வழியாகவே தீனி போட்டு, தீபாவளி வரைக்கும் அந்தச் சேவல் சிறையில் இருந்தது. தீபாவளிக்குக் கறி வைக்கக் கூட்டை உடைத்தால், உள்ளே நடக்கவே மறந்து போன சேவல். அதை அறுக்க மனம் வராமல் அந்த வருடம் சாம்பார் சாப்பிட்டார்களாம். நாங்கள் செல்லும் என்றோம். செல்லாது என்று சொல்லியிருந்தால் அவள் எங்களை மடுல்சீமைக்கே கூட்டிப்போய்ச் சாட்சி காட்டியிருப்பாள்.

அம்மாவோடு ஆடுவதுதான் தொல்லை. எந்தச் சீட்டு எடுத்தாலும் கடைசியில் அண்ணனில் கொண்டுபோய் முடிப்பாள். கட்டில் வந்தால் அண்ணன் கட்டிலிலிருந்து விழுந்த கதை. நிலா வந்தால் நிலாவைக் காட்டி அவனுக்குச் சோறூட்டிய கதை. அண்ணன் அதற்கு முந்திய வருடம்தான் இந்தியாவுக்குப் போயிருந்தான். தோட்டத்து ஆட்கள் எல்லோரும் எந்த நாட்டுப் பிரஜை ஆவது, இந்தியாவா இலங்கையா என்று எழுதிக் கொடுக்க வேண்டியிருந்த காலம் அது. அப்பா இலங்கைக்கு எழுதிக் கொடுத்தார். அண்ணன், பெண்டாட்டி வீட்டாரோடு சேர்ந்து இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தான். ஒரே வீட்டில் சாப்பிட்டவர்கள் இரண்டு நாட்டுக்காரர்கள் ஆகிவிட்டார்கள். அவன் போன பிறகு அம்மா ஒரு வாரம் உலை வைக்கவில்லை. எனக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியபோது அவள் தரகரிடம் சொன்ன நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். கறுப்போ சிவப்போ, நெட்டையோ குட்டையோ, இந்த நாட்டிலேயே இருக்கிற பையனாக இருக்க வேண்டும். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. இருந்த இரண்டு பிள்ளைகளில் ஒன்றைக் கப்பலேற்றிவிட்டவளை இன்னொரு தடவை அதே ரயில் மேடையில் நிற்க வைக்க நான் தயாராக இல்லை.

பதுளையிலிருந்து வந்த தரகர் வெற்றிலை மென்றுகொண்டே தலையை ஆட்டினார். அப்படியே ஆகட்டும் என்றார்.

கொஸ்லாந்தைப் பக்கத்திலிருந்து ஒரு இடம் வந்தது. பையன் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. ஒரு போயா நாளில் வந்து பெண் பார்ப்பதாக ஏற்பாடு. அந்தச் சில வருடங்கள் எங்கள் நாட்டில் ஞாயிற்றுக்கிழமை விடுமுறை கிடையாது. போயாவுக்குத்தான் விடுமுறை, போயா நிலாவைப் பார்த்து வருவது, எந்தக் கிழமையிலும் வரும். இதைத்தான் மாப்பிள்ளையின் தாய்மாமன் மறந்துபோனார். ஆயுள் முழுக்க ஞாயிற்றுக்கிழமையில் விசேஷத்துக்குப் போய்ப் பழகியவர். விடுமுறை என்றாலே அவருக்கு ஞாயிறுதான். ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் சாயங்காலம்தானே, காலையில் போய்ப் பார்த்துவிட்டு மத்தியான பஸ்ஸைப் பிடித்து வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டுப் புறப்பட்டு வந்திருக்கிறார்.

வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, தாய்மாமன், தரகர், நாலே பேர். நான் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தேன். குனிந்த தலை நிமிரக் கூடாது என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்லி அனுப்பியிருந்ததால், முதல் பார்வையில் நான் பார்த்தது மாப்பிள்ளையின் கால்களை மட்டும்தான். செருப்பைக் கழற்றி, ஜோடியாக ஓரத்தில் ஒதுக்கி வைத்திருந்தார். அது எனக்குப் பிடித்திருந்தது. எங்கள் வீட்டில் அப்பாவின் ஒரு செருப்பு வாசலிலும் மற்றது கோழிக் கூட்டிலும் கிடக்கும்.

பேச வேண்டியதைப் பேசி முடித்து, வீட்டுக்குப் போய்க் கலந்து பேசிச் சொல்லி அனுப்புகிறோம் என்று தாய்மாமன் எழுந்தார். எழுந்தவருடைய கண் சுவரில் இருந்த கலண்டரில் பட்டது. அன்றைக்குப் புதன்கிழமை. புதன்கிழமை ராகு காலம் உச்சி வேளையில். பஸ் வருவதும் சரியாக அந்த நேரத்துக்குள்தான். நல்ல காரியத்துக்கு வந்துவிட்டு ராகு காலத்தில் படியிறங்குவதாவது என்று மனிதர் மறுபடி உட்கார்ந்துவிட்டார். பஸ் கீழ் ரோட்டில் ஹோர்ன் அடித்துக்கொண்டு வந்ததும், கொஞ்ச நேரம் நின்றதும், போனதும் எல்லோருக்கும் கேட்டது. அடுத்த பஸ் சாயங்காலம். அதற்குள் மழையும் பிடித்துக்கொண்டது.

இனிமேல்தான் வேடிக்கை. பேச்சு முடிவாகும் முன்னால் பெண் வீட்டில் கை நனைக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். தேத்தண்ணி குடிக்கலாம், பழம் தின்னலாம், வடையைக்கூடக் கடிக்கலாம். சோற்றில் கை வைத்தால் சம்மதம் என்று அர்த்தம். அம்மாவோ, ஒருவேளை வந்த இடத்திலேயே சரி என்று சொல்லிவிட்டால் என்ற நப்பாசையில் விடியற்காலமே எழுந்து சாம்பார், இரண்டு கறி, ரசம், அப்பளம், பாயசம் எல்லாம் சமைத்து மூடி வைத்திருந்தாள். அடுப்படிக்கும் இஸ்தோப்புக்கும் நடுவில் ஒரு துணித் திரைதான். சாம்பார் வாசனைக்கு வழக்கம் தெரியுமா? அது பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது. தாய்மாமன் மழையைப் பற்றிப் பேசினார், பிறகு மழைக்கு முந்திய வெயிலைப் பற்றிப் பேசினார். தரகர் தட்டிலிருந்த வாழைப்பழத்தை முடித்துவிட்டுத் தோலைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாருடைய வயிறோ உறுமியது. அப்பா, தன் வயிறு இல்லை என்று காட்டுவதற்காக நாற்காலியை இழுத்துச் சத்தம் போட்டார். எங்களுக்கும் பசிதான். வந்தவர்களை வைத்துக்கொண்டு நாங்கள் எப்படிச் சாப்பிடுவது?

இப்படியே சாயங்காலம் வரைக்கும் இருந்தால் யாராவது மயங்கி விழுவார்கள் என்று நினைத்தோ என்னவோ, பக்கத்து வீட்டு அக்கா உள்ளே போய் முடிச்சுச் சீட்டுகளை எடுத்துக்கொண்டு வந்து பாயில் வைத்தாள். பொம்பளைகள் சீட்டாடுவதா என்று தாய்மாமனின் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கு வியர்த்துவிட்டது. சம்பந்தம் போயிற்று என்றே முடிவு கட்டினேன். ஆனால் மாப்பிள்ளையின் அம்மா பால்மா டின் குழந்தையைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, எப்படி ஆடுவது என்று கேட்டார். அக்கா விதிகளைச் சொன்னாள். நடந்ததை மட்டும் சொல்ல வேண்டும் என்பதை இரண்டு தடவை சொன்னாள். தாய்மாமனைச் சமாதானப்படுத்த, செல்லும் செல்லாது சொல்லும் நாட்டாண்மைப் பதவியை அவருக்கே கொடுத்தாள். பதவி கிடைத்ததும் மனிதருக்குச் சீட்டின் மேலிருந்த வெறுப்பு போய்விட்டது.

மாப்பிள்ளையின் அம்மா, அக்கா, மாப்பிள்ளை, அம்மா, ஓரமாக நான் என்று வட்டமாக உட்கார்ந்தோம். மாப்பிள்ளையின் அம்மா புதிதாக ஆடுகிறவர் மாதிரியே இல்லை. கட்டிலுக்கும் குடைக்கும், கூரை ஒழுகிய ஒரு மழைக்காலத்தில் கட்டிலில் குடை பிடித்துக்கொண்டே பிரசவமான கதையைச் சொல்லி, அப்படிப் பிறந்தவன்தான் இவன் என்று மகனைக் காட்டினார். தாய்மாமனுக்கு அது நேரில் தெரியும். குடையைப் பிடித்ததே தான்தான் என்று பெருமையாகச் சொல்லி, செல்லும் என்று தீர்ப்பும் கொடுத்தார்.

அடுத்து அக்கா சைக்கிளைப் போட்டாள், மாப்பிள்ளை அதன் பக்கத்தில் ஆட்டைப் போட்டார். முதல் தடவை அவர் வாயைத் திறந்து நான் கேட்டேன். கொஸ்லாந்தை இறக்கத்தில் சைக்கிள் பழகப் போனாராம். பிரேக் இல்லாத சைக்கிள். நடு ரோட்டில் ஒரு ஆடு நின்றது. மணியும் இல்லாததால் ஆட்டைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாராம், பெயர் தெரியாததால் ஐயா என்று கூப்பிட்டாராம். ஆடு திரும்பி மரியாதையாக அவரைப் பார்த்ததே தவிர நகரவில்லை. இவர் தண்ணீர் ஓடும் ரோட்டோரக் கானுக்குள் விழுந்தார். கண்ணைத் திறந்து பார்த்தபோது அந்த ஆடு பக்கத்தில் நின்று இவருடைய சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டிருந்தது. இதை அவர் சிரிக்காமல், ஆட்டின் மேல் கோபமும் இல்லாமல் சொன்னார். நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் பல் தெரியச் சிரிப்பது எப்பேர்ப்பட்ட குற்றம் என்று இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொன்னால் புரியாது. அம்மா என் தொடையைக் கிள்ளினாள். நிமிர்ந்து பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். இவரைக் கட்டிக்கொள்ளலாம் என்று அந்த நிமிடத்திலேயே என் மனது முடிவெடுத்துவிட்டது, என்னைக் கேட்கவே இல்லை.

அதன் பிறகு அம்மா ரயிலைப் போட்டாள். முன்னால் கிடந்தது ஆடு. ஆட்டைப் பற்றி ஒரே வரியில் சொல்லி முடித்தாள். அண்ணன் ஆசையாக வளர்த்த ஆட்டை விற்றுத்தான் அவனுக்கு வழிச்செலவுக்குக் கொடுத்தது. பிறகு ரயிலுக்கு வந்துவிட்டாள். பதுளை ஸ்டேஷனில் ஏற்றிவிடப் போனது, வண்டி நகர்ந்ததும் அவன் ஜன்னல் வழியாகக் கையை நீட்டியது, தானும் கையைப் பிடித்துக்கொண்டே மேடை முடியும் வரைக்கும் நடந்தது. அதைச் சொல்லும்போது அம்மா தன் வலது கையைக் கொஞ்சம் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். இந்தக் கதை எங்களுக்குப் பழகியதுதான். பழகாத ஒன்றை அன்றைக்குக் கடைசியில் சேர்த்தாள். மாப்பிள்ளையின் அம்மாவைப் பார்த்து, இவளையாவது பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன், உங்கள் ஊர் எட்டத்தில் இருந்தாலும் ஒரு நாளில் போய்விடலாம் அல்லவா என்றாள்.

மாப்பிள்ளையின் அம்மா தன் மகனைப் பார்த்தார். மகன் தரகரைப் பார்த்தார். தரகர் மழை விட்டுவிட்டதா என்று பார்க்க வெளியே போனார்.

மாப்பிள்ளை தன் முறை வருமுன்னே கையிலிருந்த கப்பல் படத்தை எடுத்து ரயிலின் பக்கத்தில் வைத்தார்.

"எங்களுக்கும் பாஸ்போட் வந்துருச்சுங்கம்மா. தை கழிஞ்சதும் அதே ரயில்லதான் ஏறணும், அப்புறம் கப்பல். ஒங்களுக்குத் தெரியும்னு தரகர் சொன்னாரு. அத நம்பித்தான் வந்தோம். தெரியாதுன்னு இப்பதான் வெளங்குது."

தாய்மாமன் தான் நாட்டாண்மை என்பதையே மறந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். செல்லும் என்று யாராவது சொல்ல வேண்டும். கடைசியில் பக்கத்து வீட்டு அக்காதான் சொன்னாள், காதில் விழாத குரலில். உண்மையைச் செல்லாது என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

அப்பா தரகரை உள்ளே கூப்பிட்டார். அவர் நனைந்துபோய் வந்து நின்றார். இரண்டு பேருக்கும் மனது ஒத்துப்போய்விட்டால் நாடு ஒரு பெரிய விஷயமாகத் தெரியாது என்று நினைத்ததாகச் சொன்னார். அப்பா அவரைத் திட்டிய திட்டை நான் இங்கே எழுதப்போவதில்லை. பிறகு வந்தவர்கள் பக்கம் திரும்பி, உங்கள் மேல் ஒரு குறையும் இல்லை, ஆனால் இது சரிப்பட்டு வராது, மன்னிக்க வேண்டும் என்று கும்பிட்டார். தாய்மாமனும் கும்பிட்டார். சம்பந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது.

பேச்சு முடிந்ததே தவிர மழை முடியவில்லை. பஸ் வர இன்னும் எத்தனையோ நேரம் இருந்தது. எல்லோரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம். அந்த நேரத்தில்தான் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"அப்ப இனி சாப்புடலாம்தானே?"

எங்கள் அம்மாவின் மூளை அப்படித்தான் வேலை செய்யும். ஆனால் அவள் சொன்னது சரிதான். சம்பந்தம் பேச வந்தவர்கள்தான் கை நனைக்கக் கூடாது. சம்பந்தம் இல்லை என்று ஆன பிறகு அவர்கள் வெறும் விருந்தாளிகள். விருந்தாளியைப் பட்டினி போட எந்த வழக்கமும் சொல்லவில்லை. தாய்மாமன் இதை ஒரு தடவை யோசித்துப் பார்த்தார், இரண்டாவது தடவை யோசிக்கவில்லை. முதலில் கை கழுவியது தரகர். அப்பா அவரை முறைத்தார். அவர் அந்த முறைப்பையும் சேர்த்துப் பிசைந்து சாப்பிட்டார்.

அந்தச் சாப்பாடு ஒரு கல்யாணச் சாப்பாடு மாதிரியே இருந்தது. மாப்பிள்ளையின் அம்மா, எங்கள் அம்மாவிடம் பாயசத்துக்கு என்ன போட்டாய் என்று கேட்டார். அம்மா, உங்கள் பிள்ளைக்குக் குடை பிடித்த கதையை இன்னொரு தடவை சொல்லுங்கள் என்றாள். இனிமேல் யாரும் யாரிடமும் ஒன்றையும் மறைக்க வேண்டியதில்லை என்பதாலோ என்னவோ, இரண்டு பேரும் அக்கா தங்கை மாதிரி ஆகிவிட்டார்கள். நான் இலைக்கு இலை பரிமாறிக்கொண்டு வந்தேன். ஒரு இலையில் மட்டும் ஆள் இல்லை.

மாப்பிள்ளை இஸ்தோப்பின் கோடியில் இருந்த பலகை வாங்கில் உட்கார்ந்திருந்தார். அம்மா போய்க் கூப்பிட்டாள். பசிக்கவில்லை என்றார். விடியற்காலை பஸ் ஏறி வந்த மனிதர், மத்தியானம் தாண்டிவிட்டது, பசிக்கவில்லையாம். தாய்மாமன் இலையிலிருந்தே அதட்டினார். பரவாயில்லை மாமா, நீங்கள் சாப்பிடுங்கள் என்றார். ரசம் எடுக்க நான் அடுப்படிக்குப் போனபோது பக்கத்து வீட்டு அக்கா பின்னாலேயே வந்தாள்.

"பேச்சு முடிஞ்சிருச்சுன்னு நாமதான் நெனக்கிறோம். அவரு இன்னும் கை நனைக்கல, பாத்தியா?"

அது எனக்கு முன்னாலேயே தெரிந்துவிட்டிருந்தது, அவள் சொன்ன பிறகு தெரியாத மாதிரி நடிக்க முடியவில்லை.

அப்பாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு அவர் நேராக வாங்கில் போய் உட்கார்ந்தார், மாப்பிள்ளையின் பக்கத்தில். இரண்டு பேரும் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அப்பா என்னைக் கூப்பிட்டார். பெண்ணுடைய சம்மதத்தை இப்படி எல்லோர் முன்னாலும் வைத்துக் கேட்கிற பழக்கம் எங்கள் வீட்டிலும் இல்லை, வேறு எந்த வீட்டிலும் இருந்ததாக நான் கேள்விப்படவில்லை.

"இவரு ஒன் பதிலுக்குத்தான் சாப்புடாம உக்காந்திருக்காரு. நான் சொன்னது என் பதில். ஒன் பதில நீ சொல்லும்மா."

என் மனதில் இருந்ததை ஒளிக்காமல் சொல்கிறேன். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. ஆட்டை ஐயா என்று கூப்பிட்டது பிடித்திருந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் பெண் கிடைத்திருக்கும் என்று தெரிந்தும் கப்பலை எடுத்துக் கீழே வைத்ததுதான் எல்லாவற்றையும் விடப் பிடித்திருந்தது. கப்பலேறினால் என்ன, மனிதர் இருக்கிற இடம்தானே என்றுகூட ஒரு நினைப்பு வந்து போனது. நிமிர்ந்து பார்த்தேன். அம்மா சோற்றுச் சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். அவள் என்னைப் பார்க்கவில்லை. போகாதே என்று கண்ணால்கூடச் சொல்லிவிடக் கூடாது என்று பிடிவாதமாக வாசலில் விழுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் என்னைப் பார்த்துக் கெஞ்சியிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும், கோபத்தில் நான் சரி என்றுகூடச் சொல்லியிருப்பேன்.

"எனக்கு ஒங்கள புடிச்சிருக்குங்க. ஆனா அம்மாவ விட்டுட்டு என்னால கப்பலேற முடியாது."

அவர் தலையை ஆட்டினார், கேட்டதற்குக் கிடைத்த பதில் சரியானது என்கிற மாதிரி. அதில் வருத்தம் இருந்தது, மனஸ்தாபம் இல்லை. அவருடைய அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். பிறகு மாப்பிள்ளை எழுந்தார். தாழ்வாரத்தில் ஒழுகிய மழைத் தண்ணீரில் கையை நீட்டி, விரல் விரலாக நிதானமாகக் கழுவினார். இனி வெறும் விருந்தாளியாக வந்து அந்தக் காலி இலையின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"சோறு போடுங்க," என்றார், என்னைப் பார்த்து.

அம்மாவின் இடுப்பிலிருந்த சட்டியை வாங்கி நானே போட்டேன். சாம்பார் ஊற்றினேன், கறி வைத்தேன். நல்ல பசி அவருக்கு. கூச்சப்படாமல் சாப்பிட்டார், ரசத்தை இரண்டாவது தடவை கேட்டு வாங்கினார், இலையில் ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ பேருக்குச் சோறு போட்டிருக்கிறேன். புருஷனுக்குப் போட்டேன், பிள்ளைகளுக்குப் போட்டேன், வந்தவர் போனவருக்கெல்லாம் போட்டேன். எல்லோரும் இன்னும் ஒரு பிடி சாப்பிட வேண்டும் என்றுதான் நினைத்திருக்கிறேன். அந்த ஒரு இலையின் முன்னால் நின்றுதான், இந்த மனிதர் சாப்பிடாமலேயே எழுந்து போய்விடக் கூடாதா என்று சாமியைக் கும்பிட்டேன்.